மணலில் இடுவது கிணற்றில் வரும்

கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் தண்ணீருக்காக ஆழத் தோண்ட வேண்டியதில்லை. கடலை ஒட்டிய மணலில் பத்துப் பதினைந்து அடி இறங்கினாலே ஊற்றுக்கண் திறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது இன்னும் மேலேறி வரும். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், கிழக்கே வங்கக் கடல் என்று மூன்று பக்கமும் நீர் வளைத்து நிற்கும் மணல் பூமி இது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் அதோடு சேர்ந்து கைமாறின. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் அந்தக் கணக்கில் வந்தவை. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தப் புனித டேவிட் கோட்டைதான். கோட்டை சிதைந்துவிட்டது. மணலும் அதன் அடியில் நிற்கும் நன்னீரும் இருக்கின்றன. இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்த நன்னீரும், அதன் தலைக்கு மேல் ஊரார் வளர்க்கும் தோட்டங்களும்.

கடலோரத்து நன்னீர் பாறையின் மேல் நிற்பதில்லை. உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் லேசானது. 1888இல் டச்சுக்காரர் கைபென், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு கணக்கைக் கண்டுசொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை நிரந்தரமாக ஓரடி குறைத்தால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் கிடைக்கும். ஊரில் கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கியதற்குக் கடலைக் குறை சொல்வது வழக்கம். கடல் தன் இடத்தில்தான் இருந்தது.

இப்போது அந்த மணலின் மேல் ஒரு பிடி யூரியாவைத் தூவினால் என்ன நடக்கும்? யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஈரம் பட்ட சில நாட்களில் அது அம்மோனியமாகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அடுத்த ஓரிரு வாரத்தில் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை எந்த மண்ணும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அது தண்ணீர் போகும் வழியில் போகும். மணலோ வெறும் சல்லடை. வேர் குடித்தது போக மிச்சம் உள்ளதெல்லாம் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். பத்தடியில் கிணற்று நீர் நிற்கும் ஊரில் அந்தப் பயணத்துக்கு அதிக நாள் பிடிக்காது.

இதே மாவட்டத்தின் தெற்கே, சிதம்பரம் பக்கம் கதை வேறு. அங்கே கொள்ளிடக் கடைமடைக் களிமண். தண்ணீர் கீழே இறங்கத் தயங்கும். மேலாக ஓடி வடிகாலுக்குப் போகும். வயலிலும் தோட்டத்திலும் போட்ட உரம் கான்சாகிப் வாய்க்கால் போன்ற வடிகால்களின் வழியே பிச்சாவரம் அலையாத்திக் காட்டை நோக்கிப் போகிறது. அந்தக் கழிமுகத்தில் நீர் பச்சை பிடித்தால் பாசியை மட்டும் பழிப்பதில் பயனில்லை. மேலே யாரோ இட்ட உரத்தை அது தின்று வளர்கிறது.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நோய் வரலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட தர அறிக்கைப்படி நாட்டில் 440 மாவட்டங்களில் நைட்ரேட் வரம்பு மீறியிருக்கிறது. ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் பட்டியலின் முன்வரிசையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தேறவில்லை. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதில் பெரும் பங்கு வயலுக்கும் சாக்கடைக்கும் உரியது. அதை மறைத்து வீட்டுத் தோட்டத்தின் மேல் பழி போடுவது நியாயமாகாது. ஆனாலும் நகரம் வளரும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிய நகர்கள், கல்யாண மண்டபங்கள், கடலோர விடுதிகள், கல்லூரி வளாகங்கள் என்று எங்கே கட்டடம் எழுந்தாலும் முதலில் டிப்பரில் செம்மண் வந்து இறங்குகிறது. அதன் மேல் நர்சரியிலிருந்து கொரியன் புல்லோ மெக்சிகன் புல்லோ பாய்பாயாக வந்து விரிகிறது. மணல் மேல் போட்ட அரையடிச் செம்மண்ணில் அந்தப் புல் பச்சையாக நிற்க வேண்டுமென்றால் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், அடிக்கடி ஒரு பிடி யூரியா வேண்டும், கரையானுக்கும் புழுவுக்கும் மருந்து வேண்டும். நடைபாதையில் பேவர் பிளாக் இடுக்கில் முளைக்கும் அருகம்புல்லுக்குக் களைக்கொல்லி. ஆழ்துளைக் கிணறு ஒரு பக்கம் நன்னீரை உறிஞ்சி உப்பை மேலே இழுக்கிறது. மறுபக்கம் அதே நீர் உரத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. ஒரே புல்தரை இரண்டு வழியிலும் கிணற்றைக் கெடுக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் மணற்கரைக்கு இதைவிடப் பொருந்தாத தோட்டம் வேறு இருக்க முடியாது.

கடலூரில் தண்ணீர் மாசைப் பற்றிப் பேசினால் சிப்காட்டைத் தாண்டிப் போக முடியாது. உப்பனாற்றின் கரையில், பூச்சிக்கொல்லி ஆலைகளும் உள்ள அந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் கிராமங்கள் பட்ட பாடு ஊரறிந்தது. 2003இல் நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் வந்து அவர்களின் சாட்சியத்தைப் பதிவு செய்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்குக் கிடைத்த எண் 77.45; எழுபதைத் தாண்டினாலே அது மிகக் கடுமையான மாசு. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை, தீர்க்க வேண்டியவர்கள் ஆலைகளும் அரசும். வீட்டுத் தோட்டத்தைத் திருத்திவிட்டால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. இங்கே சொல்ல வருவது வேறு. ஆலையை எதிர்த்து அறிக்கையும் வழக்கும் நடத்த ஆண்டுகள் பிடிக்கின்றன. புல்தரைக்கு யூரியா மூட்டை வாங்குவதை நாளைக் காலையிலேயே நிறுத்தலாம். ஒரு கடிதம்கூட எழுத வேண்டாம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கனடா நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கதையைச் சொல்லலாம். கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்று ஓர் ஊர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர், தன்னிடம் வரும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, 1985 முதல் ஊர் மன்றக் கூட்டங்களுக்குப் போய்ப் புல்தரை மருந்துகளுக்கு எதிராகப் பேசிக்கொண்டே இருந்தார். 1991இல் ஊர் மன்றம், அழகுக்காக மட்டும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிக்கத் தடை போட்டது. மருந்து தெளிக்கும் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2001 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம், தன் மக்களின் நலனைக் காக்க ஒரு சிற்றூருக்கும் அதிகாரம் உண்டு என்று ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. 2003இல் கியூபெக் மாகாணம் தன் விதிகளைக் கொண்டுவந்தது. 2009இல் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் தடை வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் தண்ணீருக்கு வேண்டிய சாட்சி. ஒன்டாரியோவின் சுற்றுச்சூழல் துறை, தடைக்கு முந்தைய 2008 கோடையிலும் தடை வந்த 2009 கோடையிலும் நகர்ப்புற ஓடைகள் பத்தில் நீர் எடுத்துச் சோதித்தது. புல்தரைக் களைக்கொல்லிகளில் முக்கியமான 2,4-டி உள்ளிட்ட மூன்று மருந்துகளின் அளவு ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே போயிருந்தது. 2,4-டி என்ற பெயர் கடலூர், சிதம்பரம் நெல் விவசாயிகளுக்குப் பழகிய பெயர்தான். பிரான்சும் இதே வழியில் 2017இல் பொதுப் பூங்காக்களிலும் 2019இல் வீட்டுத் தோட்டங்களிலும் ரசாயன மருந்துக்குத் தடை போட்டது. இந்தியாவில் கிளைபோசேட் களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. காம்பவுண்டு ஓரத்தில் கைத்தெளிப்பானோடு நிற்கும் தோட்டக்காரர்களில் எத்தனை பேர் காதுக்கு அந்தச் செய்தி போயிருக்கும்? கையுறைகூட இல்லாமல் அதைத் தெளிப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் இது முதலில் அவர்களுடைய உடம்பைப் பற்றிய கேள்வி.

வெளிநாடு வரை போகாமலே பார்க்கவும் இடங்கள் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டரில் ஆரோவில். 1968இல் அங்கே வந்து குடியேறியவர்கள் கண்டது மழைக்கு மழை செம்மண் கரைந்து கடலுக்கு ஓடிய மொட்டைப் பீடபூமி. வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டி, முதலில் மழையை நிலத்தில் நிறுத்தினார்கள். பிறகு இந்தக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரவகைகளைத் தேடித் தேடி நட்டார்கள். அந்த அனுபவத்தோடு ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் பணியாற்றினார்கள். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரில் நீர்நிலையை மீட்டு, உள்ளூர்ச் செடிகளையே நட்டு உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. நகரத்தின் நடுவே, ஆற்றுமுகத்தில், அரசாங்கப் பணத்தில் இது முடிந்தது. கெடில முகத்துவாரத்துக்கு மட்டும் ஏன் முடியாது?

சிதம்பரத்துக்கு இதில் தனி உரிமை உண்டு. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் வேளாண்மை படித்தது இங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்தவர், மானாவாரி உழவனுக்கு எட்டாத உரமும் மருந்தும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சியால் பயனில்லை என்று கண்டு 1969இல் வேலையை விட்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடல்நீர் நின்று உப்பேறிய வயல்கள் இனி விளையாது என்ற பேச்சு எழுந்தது. நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் அந்த நிலங்களில் இறங்கினார்கள். மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். மக்கும் எதையும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். நிலம் மறுபடி விளைந்தது. உப்பு ஏறிய மணலுக்கு என்ன மருந்து என்று தேவனாம்பட்டினம் கேட்டால், பதில் இதே கடற்கரையிலேயே இருக்கிறது: மட்கு. மக்கிய கரிமப் பொருள் மணல் துகள்களைக் கட்டி, ஈரத்தையும் அம்மோனியத்தையும் பிடித்து வைக்கிறது. களிமண் இல்லாத ஊரில் களிமண்ணின் வேலையைச் செய்வது அதுதான்.

சரி, புல்லை எடுத்துவிட்டு என்ன நடுவது?

கடலை ஒட்டிய மணல்மேட்டில் எதையும் நட வேண்டாம். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் தாமாகப் படரும். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அவற்றைப் பிடுங்காமல் இருந்தால் போதும். அவற்றின் வேர்தான் மணலைக் கட்டி மேடாக்குகிறது. ஆழிப்பேரலையின்போது கரையோர மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைந்ததை, இந்தக் கடலூர் மாவட்டக் கரையையே ஆராய்ந்து 2005இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எடுத்துக்காட்டியது. நாகப்பட்டினத்தை அடுத்த தெற்குப் பொய்கைநல்லூரை அன்று காப்பாற்றியவை அதன் உயரமான மணல்மேடுகள். கொஞ்சம் உள்ளே வந்தால் புன்னை, பூவரசு, தாழை, பனை. இன்னும் உள்ளே, வீட்டுப் பக்கம், நொச்சி, ஆவாரை, நந்தியாவட்டை, செம்பருத்தி, மல்லிகை. வேர்பிடித்த பிறகு நொச்சியும் ஆவாரையும் மாதக்கணக்கில் தண்ணீர் கேட்பதில்லை. பூவரசுக்கு உப்புக்காற்று பழக்கம். உட்கார, குழந்தைகள் ஓடியாடப் பச்சைத் தரை வேண்டுமென்றால் அருகம்புல்லே போதும். கோடையில் அது கொஞ்சம் பழுக்கும், முதல் மழையில் துளிர்க்கும். பழுப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனம்தான் இங்கே பெரிய முதலீடு.

திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி. சிதம்பரத்தின் தலமரம் தில்லை, உப்பங்கழியில் வளரும் மரம். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. இரண்டு ஊரும் தங்கள் மண்ணில் முளைத்த மரத்தைக் கோயிலில் வைத்து வணங்கி வந்திருக்கின்றன. கோயில் நந்தவனங்கள் சருகும் எருவும் கிணற்று நீரும் கொண்டே நூற்றாண்டுகளாகப் பூத்தன.

செடிகளின் தீனிக்கும் வழி தேவனாம்பட்டினத்திலேயே இருக்கிறது. மீன் வெட்டும் இடத்தில் தினமும் தலை, குடல், செதில் என்று கூடை கூடையாகக் கழிவு சேர்கிறது. அதில் ஒரு கிலோ எடுத்து, சம எடை வெல்லத்தை நசுக்கிப் போட்டு, பிளாஸ்டிக் வாளியில் காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைத்தால் போதும். முதல் வாரம் வாடை கொஞ்சம் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் கழிவு கரைந்து தேன் நிறத்தில் சாறு மேலே நிற்கும். மீன் வாடை போய்ப் பழ வாசனை வரும். வடிகட்டினால் மீன் அமிலம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து இலையில் தெளித்தால் செடி சில நாளிலேயே கரும்பச்சை கட்டும். செலவு வெல்லத்துக்கு மட்டுமே. தேவனாம்பட்டினத்து மீனவப் பெண்கள் குழுவாக இதைச் செய்து போத்தலில் அடைத்தால் கடலூர் மாடித் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள். மகளிர் குழுக்களுக்கு இது நல்ல தொழிலாகும். சவுக்கு ஊசியும் பூவரசுச் சருகும் தென்னை மட்டையும் இன்று தெருமுனையில் எரிகின்றன. அவற்றைச் செடியடியில் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் நீர்ச் செலவும் களையும் குறையும். குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுவது பாட்டி காலத்து வழக்கம். அதைக் கைவிட்டதற்கு ஒரு நல்ல காரணமும் இல்லை.

இயற்கை உரம் என்பதாலேயே அள்ளிக் கொட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. மாட்டுச் சாணத்திலும் மண்புழு உரத்திலும் இருப்பதும் தழைச்சத்துதான்; அளவு மிஞ்சினால் அதுவும் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு வரும். பச்சைச் சாணம் கூடவே கிருமியையும் கொண்டுவரும். எருக்குழியைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். நன்றாக மக்கியதையே இட வேண்டும். அடைமழைக்கு முன்னால் எதையும் இடக்கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் பினெல்லாஸ் மாவட்டம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் புல்தரைக்குத் தழைச்சத்து, மணிச்சத்து உரம் இடவே தடை போட்டிருக்கிறது, காரணம் அங்கும் மணல், அங்கும் கடல். கடலூருக்கு அந்தக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்த நீர் தென்பெண்ணைக் கரையை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட மழைக்கு முந்தின வாரம் உரம் போடுவது பணத்தையும் விஷத்தையும் சேர்த்து ஆற்றில் விடுவதாகும்.

தேவனாம்பட்டினத்தின் சில்வர் பீச் எனப்படும் வெள்ளிக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று பெற அரசு திட்டமிட்டிருக்கிறது. சான்றுக்குரிய 33 விதிகளில் கடல்நீரின் தூய்மை முதன்மையானது. அழகுபடுத்தும் பணி என்றதும் ஒப்பந்ததாரர்கள் புல்பாயும் அலங்காரப் பனையும் கொண்டு வந்து இறக்குவது எல்லா ஊரிலும் நடப்பது. இங்கே அது நடக்க விடக்கூடாது. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட கடலூருக்கு, தன் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ரசாயன உரமும் களைக்கொல்லியும் இல்லை என்று ஒரு தீர்மானம் போடுவது பெரிய காரியம் இல்லை. நுண் உரம் செயலாக்க மையங்களில் வீட்டுக் குப்பையிலிருந்து வரும் உரமே அந்தப் பூங்காக்களுக்குப் போகலாம். ஹட்சன் அன்று சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். கடலூர் அதைவிடப் பல மடங்கு பெரியது.

இந்த அவையில் தேவனாம்பட்டினம், புதுப்பாளையம், சில்வர் பீச் சாலைப் பக்கம் கிணறோ அடிபம்போ உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குறைந்த கட்டணத்தில் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். புரட்டாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை, நைட்ரேட்டும் உப்பும் மட்டுமாவது பார்த்து எழுதி வையுங்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து இரண்டு ஆண்டு இதைச் செய்தால், மாநகராட்சி மன்றத்தில் எடுத்து வைக்க உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கும். இந்த ஐப்பசிக்கு முன் யூரியா மூட்டையை வாசலுக்குள் விடாதீர்கள்.